எல்லாருக்கும் இலவசமாக ஒரு மிக்சி நாப்

மிக்சி ரிப்பேர்க்காரனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பாதி அரைத்த சட்னியோடுதான் வருவார்கள். காரிமங்கலத்தில் பல வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். கொஞ்ச காலம் முன்பு பழைய த்ரீ டி பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், பிளாஸ்டிக்கை உருக்கி அந்தப் பொருளையே செய்து தரும் இயந்திரம். வரைந்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓப்பன் சோர்ஸ் தளத்தில் இலவசமாகப் போடும் பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. இதே பைத்தியம் பிடித்து வீட்டில் பேச்சு வாங்குகிறவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மனித குலத்துக்காக

ஒரு பழைய மாடல் மிக்சிக்கு முன்பக்கம் திருகுகிற நாப் எங்கேயும் கிடைக்கவில்லை. அளவெடுத்து வரைந்து நானே செய்தேன். பதினோராவது தடவை பொருந்தியது. கடைக்கு வந்தவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கிருஷ்ணகிரி பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் காட்டினேன். ஏன் பச்சை நிறம் என்று மட்டும் கேட்டார்கள்.

அன்றே வரைபடத்தைத் தளத்தில் ஏற்றி, மனித குலத்தின் நன்மைக்காக என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். அதற்கு அர்த்தம் சொன்னதும் என் மனைவி நஸ்ரின் சாதாரணமாகக் கேட்டாள்: "ஊருல யாரும் கண்டுக்கலைன்னுதான் உலகத்துக்குக் குடுக்கறீங்களா?"

ஏழு பேர்

யாராவது எடுத்தார்களா என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துப் பஞ்சர் கடை கோவிந்தனிடம், ஏழு பேர் டவுன்லோடு செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க அஞ்சு தடவை நானே எடுத்தேன் என்று உளறிவிட்டேன்.

டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "நீங்களே போட்டு நீங்களே எடுக்கறதுக்கு எதுக்குங்க பாய் நெட்டு?"

முகம் தெரியாத வாத்தியார்

ஒருநாள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் வரைபடத்துக்குக் கீழே எழுதியிருந்தார். நாப்பின் உள்சுவர் மெல்லிசாக இருக்கிறது, விரியும். திருத்தி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எனக்குக் கோபம் வந்தது. சட்னியே அரைக்காதவருக்கு மிக்சியைப் பற்றி என்ன தெரியும் என்று பதில் போடாமல் இருந்தேன்.

நாலாவது நாள், சந்தைக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் சரோஜா அக்கா மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் செய்து மாட்டிக் கொடுத்திருந்த நாப் விரிந்து சும்மா சுற்றுகிறது. மிக்சி நிற்கவே இல்லையாம். பதற்றத்தில் மூடியைத் திறந்திருக்கிறார். காரச் சட்னி கண்ணில் அடித்துவிட்டது. கண் இன்னும் சிவந்திருந்தது. நாப்பைக் கழற்றிப் பார்த்தேன். அந்த மனிதர் சொன்ன அதே இடத்தில்தான் விரிசல். அவர் திருத்தியதை எடுத்துச் செய்து மாட்டிக் கொடுத்தேன். நடந்ததை மறைக்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அந்த வெளிநாட்டுக்காரருக்கு நன்றியும் எழுதினேன்.

அக்கா நாப்பை நாலைந்து தடவை திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ரிப்பேருன்னா அவரையே கேட்டுச் செய்யுங்க பாய்."

என் பெயர்

தர்மபுரியில் ஒரு கடையில் என் நாப் விலைக்குத் தொங்குவதாகக் கேள்விப்பட்டுச் சண்டைக்குப் போனேன். விற்கலாம், ஆனால் செய்தவன் பெயரைப் போட வேண்டும் என்பதுதான் தளத்தில் நான் வைத்த நிபந்தனை. கடைக்காரர் முழுதாகக் கேட்டார். எனக்கு டீ சொன்னார். பிறகு ஒரு நாப்பை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பேரு போடறதுல எனக்கு ஒன்னுமில்லீங்க, இதுல எடம் எங்கங்க இருக்குது?"

கதவு

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கு வாதம் வந்து, கையில் பிடிப்புப் போய்விட்டது. அவர் மனைவி கடைக்கு வந்து, குழாயைச் சுலபமாகத் திறக்க ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். ரெண்டே நாளில் தருகிறேன் என்று வாயை விட்டேன். நான் வரைந்த மூன்றும் உடைந்தன. வெட்கத்தை விட்டுத் தளத்தில் தேடினேன். யாரோ ஒரு பெண் தன் அப்பாவுக்காகச் செய்த நீளமான கைப்பிடி கிடைத்தது. முழங்கையால் தள்ளினாலே போதும். நம்மூர்க் குழாய்க்குப் பொருந்தும்படி துளையை மட்டும் மாற்றினேன்.

அவர்கள் வீட்டுக்கே போய்க் குளியலறைக் குழாயில் மாட்டினேன். கண்டக்டர் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் வெளியே வந்ததும் உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியில் நானும் அந்த அம்மாவும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஆறு மாசமா நான் கூட நிக்காம அவரு மூஞ்சி கழுவுனதில்லீங்க. இன்னிக்குத்தான் கதவச் சாத்தறாரு."

மாற்றிய வரைபடத்தை அன்றைக்கே ஏற்றினேன். எந்த அளவுக் குழாய்க்குப் பொருந்தும் என்பதைத் தவிர வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

நாலு பேர் பாராட்ட வேண்டும் என்று ஆரம்பித்த வேலையை நல்ல காரியம் என்று ஒரு குடும்பம் நம்பிவிட்டதால், இனிமேல் நானும் அப்படியே நடித்துத்தான் ஆக வேண்டும்.