மெரூன் பொட்டு

“நெத்தியக் காட்டு. ம், அடுத்து.”

சூப்பர்வைசர் ஞானராஜ் மணிமேகலையின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டினான். படத்தில் பாட்டில் நிறைய வினிகரில் ஊறும் வெள்ளரிப்பிஞ்சு. கண்ணாடியின் உள்பக்கம் ஒரு மெரூன் ஒட்டுப்பொட்டு. வெளிநாட்டில் கண்டெய்னரையே நிறுத்திவிட்டார்களாம்.

“யாருதுன்னு தெரியணும். இல்லன்னா பொட்டு வைக்கிற முப்பது பேரும் வெளிய.”

வடமதுரைப் பக்கம் இந்தக் கம்பெனியில் பதினோரு வருசமாகப் பிஞ்சு அடைக்கிறாள் மணிமேகலை. அதற்கு முன் மிளகாய்க்காட்டில் களையெடுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருசம் சர்க்கார் வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதாம். “அதுலதான் ஒங்க வீட்ல ஒல கொதிக்குது” என்பான் ஞானராஜ். மகளுக்கு நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருசம் பாக்கி.

கேட்டிலேயே பொட்டை எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வெறும் நெற்றியோடு படியேறினால், “எம்மகன் செத்துட்டானாடி?” என்று மாமியார் தெருவைக் கூட்டுவாள். அதனால் ஆளுக்கொரு இடத்தில் ஒட்டிவைப்பார்கள். மணிமேகலைக்குக் கையுறைக்குள், மணிக்கட்டில். போன மாதம் ஒருநாள் கையுறையைக் கழற்றினால் பொட்டைக் காணோம். கம்பெனி வேனில், கூட வேலை பார்க்கும் தமிழ்மதியிடம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு வீடு சேர்ந்தாள்.

“பிரிஸ்கில்லா, பர்ஹானா, நீங்க பொட்டு வைக்கிறதில்ல, ஓரமா நில்லுங்க,” என்றான் ஞானராஜ்.

“போங்கடி மகராசிகளா,” என்றாள் தமிழ்மதி.

“நாங்களாடி பாட்டில்ல போட்டோம்?” பர்ஹானா சீறினாள்.

தமிழ்மதி ஞானராஜிடம் திரும்பினாள். “கையுற கிழிஞ்சு எங்க கைத்தோலு உரிஞ்சு எத்தன பாட்டில்ல போயிருக்கு? அதுக்கெல்லாம் போட்டோ வரலையா சார்?”

“இம்புட்டு வாயா? ஒம்பொட்டுதான். மெரூன்தானே வைக்கிற?”

தமிழ்மதி மணிமேகலையைப் பார்த்தாள். “இவளக் கேளுங்க. அன்னைக்குப் பொட்டக் காணோம்னு எங்கிட்டத்தான் வாங்குனா.”

“நானா? ஒங்கிட்டயா?” என்றாள் மணிமேகலை. “வேற ஆளப் பாருடி.”

“நல்லா இருப்படி,” என்று காறித் துப்பினாள் தமிழ்மதி. அடையாள அட்டையைக் கழற்றி ஞானராஜ் காலடியில் வீசிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆறு மணிக்கு வேன் வந்தது. தமிழ்மதி ஏறும் இடத்தில் நிற்கவில்லை. மணிமேகலை வீட்டிலேயே பொட்டை எடுத்துவிட்டு வந்திருந்தாள். மதியம் வரை பிஞ்சு அடைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த வெளிநாட்டுக்காரன் வேறு தேசத்தில் வாங்கிக்கொள்கிறான் என்று சொல்லி ஞானராஜ் லைனை நிறுத்தினான். கூப்பிட்டால் வந்தால் போதும் என்றான். பிரிஸ்கில்லாவும் பர்ஹானாவும் அதே வேனில் ஏறினார்கள். மணிமேகலை மூன்றரைக்கு வெறும் நெற்றியோடு வீட்டுப்படி ஏறினாள். மாமியார் கத்தினாள்.