தலைகீழ்ச் செதில்

செங்கல்பட்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஜெகதாம்பாளுக்குத் தோளில் இருந்த பலம் அந்தத் தெருவில் எந்த ஆம்பிளைக்கும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாகக் குடை ராட்டினம் தள்ளியவள் அவள். ஆறு மரக்குதிரை, இரண்டு நாற்காலி, மேலே சாயம் போன துணிக்குடை, நடுவில் எண்ணெய் விட்டாலும் விடாவிட்டாலும் கிறீச்சென்று அழுகிற ஓர் இருசு. இவ்வளவுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். புருஷன் நீலமேகம் கூவி அழைப்பான், டிக்கெட் கிழிப்பான். தள்ளுவது இவள். "உனுக்குத் தொண்ட, எனுக்குத் தோளு" என்று கல்யாணமான புதிதிலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

பத்துப் பைசாவுக்குப் பத்துச் சுற்று. பத்தாவது சுற்றில் ராட்டினத்தை ஒரே கையால் பிடித்து நிறுத்துவாள்.

"சுத்து முடிஞ்சிச்சி, எறங்கு."

"அக்கா, இன்னும் ஒரு சுத்துக்கா!"

"எறங்குன்னா எறங்கு."

கலெக்டர் வீட்டுப் பிள்ளை ஏறினாலும் இதே சட்டம். அழுகைக்கெல்லாம் மசிகிறவள் இல்லை. ஆனால் அவள் மட்டும் ஒரு நாள்கூடக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்ததில்லை. ஏறினால் தள்ளுவது யார்?

திருக்கழுக்குன்றம், திருவிடந்தை என்று வருஷத்தில் நாலைந்து திருவிழாவுக்கு ராட்டினத்தை ஏற்றிக்கொண்டு போவார்கள். அதெல்லாம் வெற்றிலைபாக்குச் செலவுக்கு. பாதி வருஷம் அடுப்பு எரிந்தது மாமல்லபுரத்து மாசி மகத்தால்தான். அந்த மூன்று நாள் கூட்டத்துக்குத்தான் அவர்கள் காத்துக் கிடப்பார்கள். எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு, அந்த மைதானத்தில் கடைகளுக்கு இடம் ஒதுக்குகிற பக்தவத்சலம் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார்.

"நீலமேகம், பட்டணத்துலேர்ந்து ஜெயிண்ட் வீல்காரர் வந்து கேட்டுக்கினு கீறார். மோட்டார்ல சுத்துதாம். உன் எடத்தையும் சேத்துக் கேக்கறார். இந்த ராட்டினத்த நான் உங்க நைனா காலத்துலேர்ந்து பாத்துக்கினு கீறேன். புதுசா எதுனா கொண்டா. மூணாம் நாள் சாயங்காலம் வந்து பாப்பேன். கூட்டம் இருந்தா அடுத்த வருசமும் எடம் உன்னுது. இல்லாங்காட்டி என்னத் தப்பா நெனைக்காத."

மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

கையில் சீட்டு எடுத்த அறுநூறு ரூபாய் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஜெயிண்ட் வீலில் ஒரு தொட்டிகூட வாங்க முடியாது. இருசை மாற்றலாம், குதிரைக்கு வர்ணம் அடிக்கலாம், குடைக்குப் புதுத்துணி போடலாம் என்றாள் ஜெகதாம்பாள். நீலமேகம் சீறினான்.

"கெழவிக்குப் பவுடர் போட்டாப்பல! அவரு புதுசு கேக்கறாரும்மே. நான் காஞ்சிபுரத்துல பாத்தேன். கடல்கன்னி! பாதி பொம்பள, பாதி மீனு. கொட்டாய்ல எள்ளு போட்டா எள்ளு விழல."

"நல்லாத்தான் கீது. கன்னிக்கு எங்க போவ?"

நீலமேகம் அவளையே பார்த்தான். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையில் இருந்த கரண்டியைத் தூக்கினாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள், முழுக்கை ரவிக்கையும் மேலே சேலை முந்தானையும் உண்டு, தாலியைக் கழற்ற மாட்டேன் என்ற நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டாள். பயம்தான் காரணம். இடம் போய்விட்டால் பிறகு எங்கே போய்ச் சுற்றுவது?

வாலைச் செய்துகொடுத்தவர் ஏசுபாதம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் தகரம் அடிக்கிறவர். மூங்கில் சட்டம், அதன்மேல் கித்தான், அதன்மேல் எண்ணெய் டின்னை வெட்டிய செதில்கள் முந்நூறு. ஜனங்கள் முதலில் பார்ப்பது இடுப்பைத்தான் என்று இடுப்பிலிருந்து தொடங்கி, வரிசைக்கு மேல் வரிசை ஏற்றி அடித்துக்கொண்டே வாலுக்குப் போனார். வெள்ளியும் நீலமும் பூசியதும் பளபளவென்றுதான் இருந்தது. போட்டுப் பார்க்கும்போதே முந்தானை செதிலில் மாட்டிக் கிழிந்தது.

"இன்னாண்ணா, மேல் பக்கமா குத்துது?"

"புதுத் தகரம்மா. போவப் போவப் படிஞ்சிடும்."

இதில் யார்மேலும் பழி சொல்வதற்கில்லை. நீலமேகமும் ஜெகதாம்பாளும் பரம்பரைச் சைவம். ஏசுபாதமோ மீனைக் குழம்பில் மட்டும் சந்தித்தவர். ஆனால் மாசி மகத்துக்கு வருகிற ஜனம் யார், கொக்கிலமேடும் தேவனேரியும் சதுரங்கப்பட்டினமும் என்ன ஊர்கள் என்று அந்த மூன்று பேரில் ஒருத்தராவது யோசித்திருக்கலாம் அல்லவா? கடற்கரையில் போய், மீன்பிடிக்கிற ஜனத்துக்கு, காசு வாங்கிக்கொண்டு மீனைக் காட்டப் போனார்கள் இந்தக் கெட்டிக்காரர்கள்.

முதல் நாள். நீலத்துணி கட்டிய கொட்டகை, தரையில் கிளிஞ்சல், நடுவில் பெஞ்சின்மேல் சாய்ந்தபடி ஜெகதாம்பாள். வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று உத்தரவு. வெளியே நீலமேகம் ராட்டினத்தையும் தள்ளிக்கொண்டு, கடல்கன்னிக்கு நாலணா என்று கூவிக்கொண்டு, மூச்சு வாங்கிக் கொண்டிருந்தான். தொண்டையும் தோளும் ஒரே ஆளுக்கு வந்தால் எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

முதலில் உள்ளே வந்தவள் கொக்கிலமேட்டு ஆதியம்மாள். நாற்பத்தைந்து வயது. தினம் கூடை கூடையாக மீன் விற்கிறவள், அறுக்கிறவள். கூட நாலு பெண்கள். ஆதியம்மாள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே வாலண்டை போய்க் குனிந்தாள். ஒரு விரலால் தடவினாள். பிறகு கொட்டகை அதிரச் சிரித்தாள்.

"ஏ, இங்க வந்து பாருங்கடி! செதிலு தலகீயா கீது!"

பேசக் கூடாது என்பது ஜெகதாம்பாளுக்கு மறந்துவிட்டது. "இன்னா தலகீயு?"

"மீனு முன்னால போவுதா, பின்னால போவுதா? தலையிலேர்ந்து வாலுக்குத் தடவுனா கை வயுக்கிக்கினு போவணும். இது கைய கீசுது. இத்தப் போட்டுக்கினு நீ தண்ணியில எறங்குன, தோலு உரிஞ்சிடும் கண்ணு. இது பின்னால நீந்தற மீனு!"

'பின்னால நீந்தற மீனு' அரை மணியில் மைதானம் பூராவும் பரவிவிட்டது. ஜெயிண்ட் வீல் உச்சியிலிருந்துகூட யாரோ கத்தினார்கள். காசைத் திருப்பிக் கொடு என்று நாலு பேர் வந்தார்கள். பொழுது சாயும்போது கொட்டகைக்குள் ஈ ஆடவில்லை. நீலமேகம் ஒரு மரக்குதிரையின்மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜெகதாம்பாளுக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது. அறுநூறு ரூபாயும் போய், இடமும் போய், ஊர் சிரிக்கவும் ஆயிற்று.

ஆனாலும் அவள் மனசை ஒரு விஷயம் அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை டீ குடிக்கும்போது அதைச் சொன்னாள்.

"மாமா, பக்கத்துக் கொட்டாய்ல பாம்புப் பொண்ணு கீதே, அத்தப் பாத்துட்டு ரெண்டு நிமிசத்துல வெளிய வந்துட்றாங்க. நம்மளுதுல அந்த அஞ்சு பொம்பளைங்களும் அர மணி நேரம் நின்னுக்கினு இருந்தாங்க. வாலு கொடுவா வாலா, சங்கரா வாலான்னு சண்ட வேற. தப்ப கண்டுபுடிக்கிறதுல அவங்களுக்கு அவ்ளோ சந்தோசம். இன்னிக்கி அத்தயே கூவு."

"நம்ம தப்ப நாமளே கூவறதா? வெக்கமாயில்ல?"

"அவங்க சும்மாவே கூவிக்கினு கீறாங்க. நாம காசு வாங்கிக்கினு கூவலாம்."

பரிசு கொடுக்க அவர்களிடம் பைசா இல்லை. இருந்தது ராட்டினம் ஒன்றுதான். ஆக, இரண்டாம் நாள் காலையில் நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு கூவினான்: "கடல்கன்னியில தப்பு கீது! கண்டுபுடிச்சா ராட்டினம் இனாம்! பெரியவங்களுக்கும் இனாம்!"

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். கொட்டகை வாசலில் வரிசை நின்றது. ஒருத்தி செவுள் எங்கே என்றாள். ஒருத்தர் முதுகுத் துடுப்பைக் காணோம் என்றார். "கடல்கன்னிக்குத் தாலி இன்னாத்துக்கு?" என்று கேட்ட கிழவருக்கு, "புருசன் வெளிய டிக்கெட்டு கியிக்கிறாரு, போய்க் கேளு" என்று கடல்கன்னியே பதில் சொன்னாள். கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்த வாசுதேவன் என்ற இஞ்சினீயர், வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வாலில் இடது பக்கம் ஆணி ஒன்று குறைகிறது என்றார். அதுவும் தப்புதானே? அவருக்கும் ஒரு சுற்று.

ஜெயித்தவர்கள் ராட்டினம் ஏறினார்கள். அதுதான் வேடிக்கை. சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்த குதிரைமேல் பெரிய பெரிய மீன்காரம்மாக்கள் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து கூச்சல் போட்டார்கள். ஆள் உயர அலையில் கட்டுமரம் தள்ளுகிற ஆம்பிளைகள் மரக்குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். நீலமேகம் ஒருத்தனால் தள்ள முடியவில்லை. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தவர்களே தள்ளினார்கள். இதைப் பார்க்க ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு கூட்டம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆதியம்மாள் மறுபடி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொட்டகை நடுவில் நின்றாள்.

"மொதமொத கண்டுபுடிச்சவ நானு. எனுக்குச் சேர வேண்டிய சுத்து எங்க?"

"நாயந்தான். போய் ஏறிக்கோக்கா."

"எனுக்கு வாணாம்மே, தல சுத்தும். என் சுத்த நீ ஏறு."

"நானா? நான் தள்றவக்கா."

"அதுல ஏறுனதே இல்லியா?"

"இல்ல."

"எத்தினி வருசமா?"

"பன்னண்டு."

ஆதியம்மாள் வெளியே பார்த்து, "ஏ, நாலு பேரு வாங்கடி!" என்று கத்தினாள். ஜெகதாம்பாள் வாலைக் கழற்றப் பார்த்தாள். அவசரத்தில் வார் முடிச்சு இறுகிக்கொண்டது. அவர்கள் காத்திருக்கவில்லை. "மேலேர்ந்து கீய தடவாதீங்கடி, இது தலகீயு, ஞாபகம் வச்சிக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே வாலோடு சேர்த்து அவளைத் தூக்கிப்போய்க் குதிரைமேல் பக்கவாட்டில் உட்கார வைத்தார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

பக்தவத்சலம் வந்து சேர்ந்தது அப்போதுதான். கடல்கன்னி குதிரையில் போகிறாள், கொக்கிலமேட்டுப் பெண்கள் தள்ளுகிறார்கள், மைதானம் பூராவும் அங்கே நிற்கிறது. ஜெயிண்ட் வீல்காரரும் தன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கூட்டத்தில் ஒருத்தராக நின்றிருந்தார். பக்தவத்சலம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எடம் உன்னுதுதாம்ப்பா, நீலமேகம். ஆனா அடுத்த வருசம் புதுசா இன்னா பண்ணப் போற?"

"புதுசா ஒரு தப்பு பண்ணிட்றங்க."

இடம் கிடைத்ததை உடனே அவளிடம் சொல்லவேண்டும் என்று நீலமேகம் ஓடினான். ராட்டினம் பத்தாவது சுற்றை முடித்து மெதுவாகிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. அப்படி ஒரு சிரிப்பை அவன் அந்த முகத்தில் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கத்தில் வாய்க்கு வந்தது ஒன்றுதான்.

"சுத்து முடிஞ்சிச்சி, எறங்கு."

ஜெகதாம்பாள் குதிரையின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"மாமா, இன்னும் ஒரு சுத்து மாமா!"