நாலடி பிசகு

இருதயராஜ் அளவைக் கருவியின் முக்காலியை நடுவதற்கு முன்னால் சுற்றிலும் இருப்பதையெல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தகரக் கதவு, தண்ணீர்த் தொட்டி, ஓரமாக நிறுத்தியிருக்கும் பஸ், எதுவும் தப்பாது. கட்கி டெப்போவில் ஒரு டிரைவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

நில அளவைக் கம்பெனி ஒன்றில் ஜி.பி.எஸ். கருவியோடு அலைகிற வேலை அவருக்கு. செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் சிக்னலோடு, தகரத்தில் பட்டுத் திரும்பிய சிக்னலும் கருவிக்குள் நுழைந்தால் புள்ளி இடம் மாறிவிடும். "நேரா வர்றவன உள்ள வுடணும் சார். பத்ராவுல முட்டிக்கினு சுத்தி வர்றான் பாரு, அவன்தான் பேஜாரு" என்பார், தகரத்தை மராத்தியில் பத்ரா என்று சொல்லி. தரையிலிருந்து எகிறி வருவதைத் தடுக்க, மனைவி பவுன் சப்பாத்தி மாவு பிசையும் அகலத் தட்டான அலுமினியப் பராத்தில் ஓட்டை போட்டு ஆன்டெனாவுக்கு அடியில் மாட்டியிருக்கிறார். பவுன் அதற்காக ஒரு வாரம் பேசவில்லை. மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கும் புள்ளிக்கு இவர் ஒரு மணி நேரம் உட்காருவார்.

இத்தனை ஜாக்கிரதையும் பட்ட பிறகு வந்ததுதான். 2003 மே மாதம் தாபோடியில் சாலையை அகலப்படுத்த அளந்தார்கள். வெயில் தாங்காமல் ஒரு ஒர்க்‌ஷாப்பின் தகரச் சுவரோர நிழலில் முக்காலியை நட்டார். பத்தே நிமிடம். இட்லி விற்றுப் பிழைக்கும் சியாமளாவின் சமையலறை சாலைக்குள் நாலடி நிற்பதாக வந்தது. இடித்தார்கள். "சர்க்கார் ஜாகாவ அமுக்கினவ" என்றது தெரு. குழாயடியில் சியாமளாவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அளந்தது சரியா என்று பிறகு இருதயராஜுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, போன வாரம், லீவு போட்டுவிட்டு அதே சுவரோரம் அன்று போலவே பராத் இல்லாமல் அளந்தார். பக்கத்து வீட்டுக்காரன் நான் குடை பிடித்தேன். பதினொன்றே காலுக்குப் புள்ளி நாலடி துள்ளியது. மறுநாளும் அதே துள்ளல், நாலு நிமிடம் முன்னதாக. செயற்கைக்கோள்கள் தினமும் அவ்வளவு முந்தித்தான் அதே இடத்துக்கு வருமாம். வானம் அதே, தகரம் அதே, பிசகும் அதே. தகரம் எட்டாத இடத்தில் நட்டு அளந்தபோது, சமையலறை முழுக்க சியாமளாவின் நிலத்தில்தான் இருந்திருக்கிறது.

"ரெண்டு வருசமா அந்தம்மாவுக்குத் திருடின்னு பேரு சார். தாபோடி ஸ்டாப் வந்தா நான் பஸ்ஸுல குனிஞ்சுக்குவேன். அசிங்கமா இருக்கு." அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

தப்பு தன்னுடையது என்று எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டார். வேலை நிலைக்காது என்று அவருக்குத் தெரியும். இன்னொரு பிரதியோடு நேற்றுப் பகல் தாபோடிக்குப் போனோம்.

கருவிப் பையைப் பார்த்ததும் சியாமளா வாசலுக்கு வந்தார். "மறுபடியும் அளக்க வந்துட்டீங்களாண்ணே? இன்னும் எவ்ளோ இடிக்கணும்?"

"இல்லம்மா. தப்பு உங்க மேல இல்ல. அளந்த என் மேலதான்."

இருவருக்கும் நடுவே, அடுப்பு இருந்த இடத்தில், தார் கொதித்துக் கிடந்தது. ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. இருதயராஜ் விளிம்பில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சாலையில் கால் வைத்தார்.