அட்டைக்குழல் மழை

என் மகள் மலையாளப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஆண்டு விழாவின் கூட்டுப் பாட்டில் அவளையும் சேர்த்திருந்தார்கள். மழையைப் பற்றிய ஒரு மலையாளப் பாட்டு. ஒரு வாரம் வீடு முழுக்க அதைப் பாடிக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மக்ளே, பனிக்குதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"டீச்சர் என்ட்ட வாய மட்டும் அசைச்சாப் போதும்னு பறஞ்சாங்க. சத்தம் வரண்டாமாம்."

அவள் குரல் பாட்டோடு ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்கும் அப்படித்தான். ஆனாலும் கோபம் வந்தது. மறுநாள் கடையில் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் சின்னப் பெண். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் என்னைவிட அவள்தான் அதிகம் சங்கடப்பட்டாள்.

"மோள் மனசு வெஷமிக்கணும்னு சொன்னதல்ல சேச்சி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டுக்குப் பின்னால ஒரு மழைச் சத்தம் வேணும். கடையில வாங்கப்படாது, வீட்டுல உண்டாக்கினதா இருக்கணும். அது உங்க மோள் கொண்டு வருவாளா?" என்று கேட்டாள்.

நல்ல சேதியோடு வீட்டுக்கு வந்ததாகத்தான் நினைத்தேன். மகள் முகம் மலரவில்லை. "அது பாட வராதவங்களுக்குக் குடுக்கது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். அவள் சொன்னது உண்மை என்பதால் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். தோசைக்கல்லில் இரண்டாவது தோசை வேகும்போது வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, மழை சத்தத்த எதுலம்மா செய்யது?"

நான் வேலை செய்வது சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில். துணி சுற்றி வரும் அட்டைக்குழல்கள் பின்கட்டில் குவிந்து கிடக்கும். கெட்டியான அட்டை, மிதித்தாலும் நசுங்காது. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு ஐந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஒன்று போதும் என்று நல்லதாகப் பார்த்து எடுத்தேன். என் தோள் உயரம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வலியசாலைப் பக்கம் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு நடந்தேன். வழியில் பூக்கட்டும் பெண் ஒருத்தி, "யாரை அடிக்கப் போற?" என்று கேட்டுச் சிரித்தாள்.

முதல் முயற்சி எளிதாக முடிந்தது. குழலை இடுப்பளவுக்கு அறுத்தோம். ஒரு முனையைச் சட்டைப்பெட்டி அட்டையால் மூடி, இரண்டு கைப்பிடி அரிசியைப் போட்டு, மறுமுனையையும் மூடி டேப் ஒட்டினோம். மகள் கண்ணை மூடிக்கொண்டு குழலைக் கவிழ்த்தாள். சொர்ரென்று ஒரே சத்தம், அவ்வளவுதான். எல்லாம் அடியில் போய் விழுந்துவிட்டது.

"இது மழையில்ல. லாரில ஜல்லி தட்டுக மாதிரி இருக்கு" என்று கீழே வைத்துவிட்டாள்.

என் கணவர் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மதியம் மூன்று மணிக்குப் போனால் நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார். எனக்கு ஞாயிறு விடுமுறை, அவருக்குச் செவ்வாய். வேலை நாளில் மூன்று பேரும் சேர்ந்து இருப்பது காலையில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில், மகளுக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, அவர் குழலைக் கையில் எடுத்தார். காதோடு வைத்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்தார். மறுபடி சாய்த்தார்.

"இஞ்ச பாரு, விழுகது தடையில்லாம விழுது. நடுவுல முட்டி முட்டி விழணும். ஹோட்டல்ல நாங்க கடுகு புடைக்கும்போது முறத்துல ஒரு சத்தம் வரும்லா, அது மாதிரி" என்றார்.

மகள் திரும்பிப் பார்த்த வேகத்தில் பின்னல் என் கையிலிருந்து நழுவியது. "அப்பா, அப்போ உள்ள என்னத்த வைக்கது?"

மறுநாள் அவர் ஹோட்டலிலிருந்து பல்குத்தும் குச்சி நாலு பாக்கெட் கொண்டுவந்திருந்தார். கல்லாவில் இருந்தவர், "வீட்டுல அத்தன பேரா?" என்று கேட்டாராம்.

அதன்பிறகு இரண்டு வாரம் எங்கள் வீட்டில் அந்த வேலைதான். மகள் ஒரு நூலைக் குழலைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, நூல் போன வழியெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தாள். சாக்கு தைக்கிற ஊசியை அடுப்பில் காட்டி ஒவ்வொரு புள்ளியிலும் நான் ஓட்டை போட்டேன். குச்சியை உள்ளே செலுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நகவெட்டியால் நறுக்கி, வெள்ளைப் பசை தடவுவது கணவரின் வேலை. அவர் அதைச் செய்வது நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில். சாயங்காலம் வந்து பார்த்தால் குழல் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கும், அன்றைக்கு இருபது குச்சி கூடியிருக்கும். ஒரு நாள் அவர் இரண்டு இடத்தில் புள்ளி தப்பிக் குத்தியிருந்தார். மகள் அதைக் கண்டுபிடித்து, "அப்பா சிரத்தையில்லாம செய்யுதாங்க" என்று ஒரு தாளில் மலையாளத்தில் எழுதி ஒட்டிவைத்தாள். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. மறுநாள் காலையில் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "என்ன எழுதியிருக்கா? நல்லா செஞ்சிருக்கேன்னா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உள்ளே எதைப் போடுவது என்பதில்தான் பெரிய விவாதம். அரிசி மட்டும் போட்டால் இரைச்சல், கடுகு மட்டும் போட்டால் காதுக்கே எட்டவில்லை. சிறுபயறு போட்டதும் சொட்டுச் சொட்டாகக் கேட்டது. கடைசியில் ஒரு பங்கு அரிசி, ஒரு பங்கு சிறுபயறு, ஒரு கரண்டி கடுகு என்று மகள் முடிவு செய்தாள். நானும் அவரும் மாற்றிச் சொன்னதை அவள் கேட்கவில்லை. கடையில் மிச்சம் விழுந்த நீலத் துணியைக் குழலுக்கு மேல் சுற்றித் தைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் வேலைக்குப் போன பிறகும் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து மகள் குழலைச் சாய்த்தாள். உள்ளே முதலில் ஒன்றிரண்டு துளி விழுந்தது. பிறகு தென்னோலையில் பெய்வது போல நிதானமாக, நீளமாக ஒரு மழை இறங்கி அடங்கியது. எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. "இன்னொருக்கா, மக்ளே" என்றேன். அவள் திருப்பிச் சாய்த்தாள்.

கீழே கதவு படாரென்று திறந்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரச் சேச்சி ஒரு கையில் முறமும் மறு கையில் கட்டியிருந்த முண்டின் தொங்கலுமாக முற்றத்துக்கு ஓடிவந்தார். அங்கே பாயில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பாதி மிளகாயை அள்ளிய பிறகுதான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"மழ பெய்யுன்ன சத்தம் கேட்டல்லோ?"

மகள் குழலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் விஷயத்தைச் சொன்னேன். "கள்ளீ! எண்ணெ தேச்சுட்டு இருந்தவள ஓட வச்சல்லோ" என்று சேச்சி அதட்டினார். அப்புறம் எங்களுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, "தா, நோக்கட்டும்" என்று கையை நீட்டினார். ஒரு முறை சாய்த்தார். இன்னொரு முறை சாய்த்தார். அரை மணி நேரம் கழித்து மிளகாயைப் பரப்ப நானும் மகளும்தான் போனோம். சேச்சி படியிலேயே இருந்தார்.

விழா அன்று கணவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். பாட்டு தொடங்கியது. இருபது பிள்ளைகளின் குரல், ஹார்மோனியம், தலைக்கு மேலே மின்விசிறிகள். ஓரத்தில் என் மகள் நீலக்குழலை மெல்ல மெல்லச் சாய்ப்பது தெரிந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கணவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். பாட்டு முடிந்து பிள்ளைகள் வாயை மூடிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. டீச்சர் ஒரு மைக்கைக் கொண்டுபோய்க் குழலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அப்போது கேட்டது. கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்ததை நானே கண்டேன். கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் பொது இடத்தில் அப்படிச் செய்கிறவர் இல்லை.

வெளியே வந்ததும் மகளிடம், "முதல்ல எங்களுக்குக் கேக்கவே இல்ல, தெரியுமா?" என்றேன்.

"எனக்குக் கேட்டுது" என்றாள். பிறகு ஐஸ்கிரீம் வேண்டும் என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் குழலின் சத்தம் மாறத் தொடங்கியது. மழை மெலிந்து மெலிந்து, கடைசியில் மணல் உதிர்வது போல் ஆனது. முனையைப் பிரித்துப் பார்த்தால் பயறு முழுக்க வண்டு. கொட்டிவிட்டு வெயிலில் வைத்தோம். பயறுக்குப் பதிலாக, கடையில் சுடிதார் கழுத்துக்குத் தைக்கும் சின்னப் பாசிமணிகளைப் போட்டாள் மகள். அதுதான் இப்போதும் இருக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் கூர்மையான மழை.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. குழலை அவள் அதிகம் தொடுவதில்லை. அது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கணவர்தான் அதை எடுப்பார். படுத்தபடி நெஞ்சுமேல் வைத்து ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பாசிமணி எல்லாம் விழுந்து முடிவதற்குள் குறட்டை வந்துவிடும் என்று, நான் வேலைவிட்டு வந்ததும் சேச்சி சொல்வார். மழையும் குறட்டையும் கீழே வரைக்கும் கேட்குமாம்.