தறிக்குழியில் வந்த சாரை

சூர்யகலா டீச்சருக்குப் பாம்பென்றால் பயம். ஆரணியில் இது அவள் கணவன் மணவாளனுக்கு மட்டுமே தெரியும். பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் அவள், ஆறு வருஷமாகப் பாம்புக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருப்பவள்.

எல்லாம் ஓணானில் ஆரம்பித்தது. பிள்ளைகள் கல்லெறிந்து கொன்ற ஓணானை மைதானத்தில் பார்த்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு, அது தின்னும் பூச்சிகளின் கதையைச் சொன்னாள். ஓணானுக்குப் பிறகு பல்லி, உடும்பு, கடைசியில் பாம்பு. உயிருள்ள பாம்பை வகுப்புக்குக் கொண்டுவரச் சட்டமும் விடாது, அவள் நெஞ்சும் தாங்காது. அதனால் மணவாளன் தறியில் மிஞ்சும் பட்டு நூலில் பாம்பு பின்னினாள். கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்டால் கட்டுவிரியன். பழுப்பு நூலில் பின்னி, உதட்டில் கறுப்புக் கோடுகள் இழுத்தால் சாரை. பிள்ளைகள் அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டே பெயர் படித்தார்கள்.

ஊரில் பாதிப் பேருக்குச் சாரைதான் நாகத்தின் ஆண். நாகத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, சாரை வேறு சாதி, அதற்கு விஷமே கிடையாது என்று அவள் தொண்டை வற்றச் சொல்லியும், மணவாளன் அந்தப் பாதியிலேயே இருந்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, நெய்ய உட்காரும்போது கால் தொங்கப்போடும் தறிக்குழியில் கால் வைக்குமுன், வழக்கம்போல் உட்காரும் பலகையைத் தட்டினான். உள்ளிருந்து சீறல் கேட்டது. மிதிகட்டையின் மேல் ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு. அவன் போட்ட சத்தத்தில் ஓடிவந்த சூர்யகலா, அடுத்த நொடி கட்டிலின் மேல் நின்றாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

மணவாளன் தடியை எடுத்துவிட்டான்.

"அடிக்காதீங்க," என்றாள். பாதிக் குரல்தான் வந்தது. தன் வீட்டிலேயே ஒரு பாம்பு அடிபட்டுச் செத்தால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பது? அந்த நினைப்பு பயத்தைவிட மோசமாக இருந்தது.

"நாகம்டி அது. இல்லன்னா அதோட புருஷன். எதுவா இருந்தா இன்னா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு தீபா வந்தாள். டீச்சரிடம் எட்டாம் வகுப்பு படிப்பவள். வாசற்படியைத் தாண்டாமல் குனிந்து, குழிக்கு மேலே தலையை நீட்டியிருந்த பாம்பை உற்றுப் பார்த்தாள்.

"ஒதட்டுல கறுப்புக் கோடு கீது மாமா. சாரைதான். பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்கு எலி வரும், எலியைத் தேடிகினு இது வந்திருக்கும். பின்கதவைத் தெறந்துட்டு சும்மா நில்லுங்க, அதுவே பூடும். போவலன்னா தீயணைப்புக்குப் போன் போடலாம்."

மணவாளன் மனைவியைப் பார்த்தான். "அவ சொல்றது சரிங்க," என்றாள் கட்டில்மேல் நின்றபடியே. அவன் தடியைத் தாழ்த்தி, கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. பாம்பு மெல்ல மேலேறி, கட்டிலுக்கு அடியிலேயே புகுந்து, தோட்டத்துப் பக்கம் போய் மறைந்தது. சூர்யகலாவுக்கு உயிர் திரும்பி வந்தது. தீபாவை நினைத்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மிஸ், நீங்க ஏன் மேல நிக்கிறீங்க?" என்றாள் தீபா.

திங்கட்கிழமை, தீபா வாயைத் திறக்குமுன் டீச்சரே கட்டில் கதையை வகுப்பில் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப நீங்களும் பயந்துட்டீங்களா மிஸ்?" என்று கேட்டான் உதயா.

"ரொம்பப் பயந்தேன். பயந்தா அடிக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

சிரிப்பு நின்றது. உதயா யோசித்துவிட்டு, எங்கும் எழுதியிருக்கவில்லை என்று தலையாட்டினான்.

வந்தது நாகத்தின் புருஷன்தான் என்று மணவாளன் இன்னும் சாதிக்கிறான். ஆனால் இப்போதெல்லாம் பின்கதவைத் திறந்துவைத்த பிறகுதான் பலகையைத் தட்டுகிறான்.