போடலாமா?

அப்பாவுக்கு ஒயரிங் வேலை. ஒரு வீட்டில் மெயினை அணைத்துவிட்டு ஏணியில் ஏறியிருக்கிறார். ஃபேன் ஓடவில்லையே என்று அந்த வீட்டு ஆள் போய் மெயினைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

அம்மா அழுது நான் பார்த்ததில்லை. மறுவாரமே தையல் கம்பெனிக்குக் காஜா எடுக்கக் கிளம்பிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து எந்த ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னாலும் "போடலாமா?" என்று உரக்கக் கேட்பாள். யாராவது "போடு" என்று சொன்னால்தான் கை நீளும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். நாளடைவில் எங்களுக்கும் அதுவே பழகிப்போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தான். நம் குடும்பத்தின் கொள்கைகளைப் பிள்ளைகளுக்காக எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமாம். நேர்மை என்றான், உழைப்பு என்றான், ஒற்றுமை என்றான். என்னோடு அவன் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய ஒற்றுமை!

"நீ என்னம்மா சொல்ற?" என்று அம்மாவைக் கேட்டான்.

"எனக்கென்னடா தெரியும்? ஏதாவது எழுதிக்கோங்க."

பேசிப் பேசியே பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணனின் கடைக்குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தாத்தாவைப் படத்தில் மட்டுமே பார்த்தவள். ஸ்விட்சைத் தொடாமல், அதற்கு நேரே விரலை நீட்டியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடலாமா?"

"போடு" என்றோம் நானும் அண்ணனும், ஒரே குரலில்.

விளக்கு எரியும்வரை அம்மா கண்ணை மூடியே இருந்தாள்.