சதை சொன்னதை நான் சொல்லவில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் கிராணிதான், அதாவது ஆபீஸ் குமாஸ்தாவான நான்தான், பிரிப்பேன். குடியுரிமைக் கடிதமோ பள்ளிக்கூடக் கடிதமோ, எதுவானாலும் ஆபீஸ் மேசையில் பிரித்து, தமிழில் சொல்லி, ஆளிடம் கொடுப்பது என் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. கோலா தெர்லாவைத் தாண்டி, கம்போங் ராஜா போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது தோட்டம். என் அக்காள் கணவருக்கு வந்த கடிதத்தையும் நான்தான் பிரித்தேன். அதை அவரிடம் கொடுக்கவில்லை.

மச்சான் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். சிறுநீரில் ரத்தம் போவதை, உடம்புச் சூடு என்று சொல்லி ஒரு மாதம் மறைத்தார். அக்காள் பார்த்துவிட்டாள். அவரைக் கோலாலம்பூருக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டு, சிறுநீர்ப்பைக்குள் இருந்த சின்னக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுதான், ஆனால் மேலாகத்தான் இருக்கிறது, மூன்று மாதத்தில் திரும்ப வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால் இன்னொன்றும் எனக்கு விளக்கினார்.

ஏ வகை, பி வகை என்று ரத்தத்தைச் சொல்கிறோம் அல்லவா, அந்த வகையின் அடையாளம் சிறுநீர்ப்பையின் உள்தோலிலும் இருக்குமாம். கட்டியின் சதையிலும் அது மிச்சம் இருந்தால், கட்டி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அது காணாமல் போயிருந்தால், கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஆழத்துக்கு இறங்கக்கூடும். சதையை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் வைத்து, ரத்த அணுக்கள் அதில் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். முடிவைக் கடிதத்தில் எழுதுகிறோம் என்றார்.

பஸ் தாப்பா சாலையில் வளைந்து வளைந்து ஏறும்போது மச்சான் கேட்டார்.

"என்ன மாப்பிள, அந்தம்மா அவ்ளோ நேரம் பேசுனாங்க?"

"உங்க சதைய டெஸ்ட் பண்றாங்களாம் மச்சான். நல்லதா கெட்டதான்னு."

"கறிக்கடைக்காரன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்லா" என்று சிரித்தார்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் கடிதம் வந்தது. காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. பத்தாம் நாள் தீ மிதித்து, மறுநாள் காப்பு அவிழ்த்த பிறகுதான் வெளியே போகலாம். அந்த வருஷம் கரகம் எடுப்பவர் மச்சான். கோயில் கமிட்டிச் செயலாளர் நான்.

கடிதத்தில் நாலைந்து வரிதான். சதையில் அடையாளம் இல்லை. இது புதிய சோதனை, உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே வரவும். பையையே எடுக்க வேண்டி வரலாம்.

திரும்பத் திரும்பப் படித்தேன். 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்ற வரியைப் பிடித்துக்கொண்டேன். கரகக்காரர் பாதியில் காப்பை அவிழ்த்துவிட்டுப் போனால் லயத்துக் குடியிருப்பு முழுக்க என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தோட்டத்தில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்கள் வீட்டைத்தான் சொல்வார்கள். இதையெல்லாம் நான் மச்சானிடம் கேட்டிருக்கலாம். போவதா இருப்பதா என்று அவர் முடிவு செய்திருப்பார். கேட்கவில்லை.

மத்தியானம் மஞ்சள் வேட்டியோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மணிக்கட்டில் காப்பு.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா மாப்பிள?"

"வரல மச்சான்."

கரகத்தோடு தீ மிதித்தார். காப்பையும் அவிழ்த்தாகிவிட்டது. அந்தப் பத்து நாளுக்காவது சாமியைக் காரணம் சொல்லலாம். அதற்குப் பிறகு ஓடிய ஐம்பது நாளுக்கு என்ன காரணம்? கடிதத்தில் தேதி இருந்தது. உறையில் முத்திரை இருந்தது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று அக்காள் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். கடிதத்தை மேசை இழுப்பறையில், தேயிலை மாதிரிப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்தேன். தினமும் காலையில் இழுப்பறையைத் திறப்பேன், மூடுவேன். மச்சானுக்கு ரத்தம் நின்றிருந்தது. கவாத்துக் கத்தியோடு மலை ஏறினார். பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ரத்தம் கட்டி கட்டியாக வந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டது. தோட்டத்து லோரியில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் முனகினார். அக்காள் அவர் தலையை மடியில் வைத்து, மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

பரிசோதனை முடிந்து டாக்டரம்மா கட்டிலருகே வந்தார். தசைக்குள் இறங்கி, பையைத் தாண்டிவிட்டது, இனி பையை எடுத்தும் பயனில்லை என்றார். பிறகு, "எங்கள் கடிதம் கிடைக்கவில்லையா?" என்று என்னைக் கேட்டார். எல்லாம் இங்கிலீஷில்.

"மலைப்பாதையில் மண் சரிவு. தபால் ஒழுங்காக வருவதில்லை" என்றேன்.

அவர் கட்டிலில் தொங்கிய அட்டையில் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

"என்னா கேட்டாங்க?" என்றார் மச்சான்.

"கடுதாசி வந்துச்சான்னு கேட்டாங்க."

"வந்துச்சா?"

"வரல மச்சான்."

"ரோடு அப்படி. அவங்க என்ன பண்ணுவாங்க, விடு" என்றார். அக்காள் பக்கம் திரும்பி, "ஒன் தம்பி மட்டும் இல்லன்னா, இந்த இங்கிலீஷ்காரங்ககிட்ட நான் ஊமையாத்தான் நின்னிருப்பேன்" என்றார்.

அடுத்த காப்புக் கட்டு வரை அவர் இருக்கவில்லை.

அன்றே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. உறுதியில்லை என்று அந்தக் கடிதமே சொல்கிறது. அந்த வரியைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் தூங்கப் பார்த்தேன். உறுதியில்லாத அந்தச் செய்தி அவருடைய உடம்பைப் பற்றியது. அதைக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்.

அக்காள் சாவதற்குச் சில நாள் முன்பு, படுத்தபடியே கேட்டாள். "தம்பி, மச்சானுக்கு எடுத்த அந்த டெஸ்டு... அதுக்குப் பதிலு கடைசி வரைக்கும் வரவே இல்லல்ல?"

கடிதம் அப்போது என் வீட்டு அலமாரியில் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"வரவே இல்லக்கா" என்றேன்.